என்றி (முறைப்பாட்டுப் பதிவு) எழுதுகிற பொலிஸ்: பழைய ரீவி நாடகத்து நல்லவர்கள் ஏன் இன்னும் பிடிக்கிறார்கள்?

(ஒரு குழு உரையாடல். திகதிக்கு முன்னால் இருப்பது எழுதினவரின் புனைபெயர்.)

கோட்டையடி, ஆவணி 4, இரவு 9.10
ஒரு கருத்துச் சொல்லுறன், அடிக்க வாறவர்கள் வரிசையில் வாருங்கோ. பழைய பொலிஸ் நாடகங்கள் எங்களுக்குப் பிடிக்கிறது அதில வாற பொலிஸ்காரர் நல்லவர் எண்டதுக்காக இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள வழக்கு முடியுது, அவ்வளவுதான். நல்ல குணம் எண்டது யூனிஃபோமில குத்தின பித்தளைப் பட்டன். கழட்டினாலும் சட்டை சட்டைதான். அமெரிக்காவின்ர ‘டிராக்னெட்’, ‘கொலம்போ’, ஜேர்மனியின்ர ‘டெரிக்’, இந்தியாவின்ர தூரதர்ஷனில போன ‘உடான்’, எதை எடுத்தாலும் இதே கணக்கு. இல்லையெண்டால் ஒரு காட்சியைக் காட்டிச் சொல்லுங்கோ.

மூன்றாம் மணி, ஆவணி 4, இரவு 10.05
‘கொலம்போ’ உங்கட கணக்கை முதல் இருபது நிமிசத்திலேயே உடைச்சுப்போடும். கொலையாளி ஆர், எப்படிச் செய்தார், எதை ஒளிச்சார் எல்லாம் எங்கட கண்ணுக்கு முன்னால நடந்து முடிஞ்ச பிறகுதான் பொலிஸ் லெப்டினன்ட் கொலம்போ மழைக்கோட்டோட வாறார். வழக்கு முடியிறதுதான் ருசியெண்டால் இந்த நாடகம் 1971 இலேயே படுத்திருக்கவேணும். 1978 வரை ஓடிச்சு, பிறகு 1989 இல் திரும்பி வந்து 2003 வரை போச்சு. மொத்தம் 69 கதை.

மிச்ச நேரத்தில என்ன பார்க்கிறம்? கேள்வி கேட்கிறார். பதிலை முழுசாக் கேட்கிறார். சின்னக் கொப்பியில எழுதுறார். பென்சில் இல்லாட்டில் கொலையாளியிட்டையே இரவல் வாங்குறார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொண்டு கேட்கிறார். குரலை உயர்த்தி வெருட்டுறது அபூர்வம், துவக்கைத் தூக்குறது அதைவிட அபூர்வம். அந்தப் பொறுமையைக் கழட்டிப் பாருங்கோ, 75 நிமிசக் கதையில பத்து நிமிசமும் மிஞ்சாது.

உப்புவெளி, ஆவணி 4, இரவு 10.11
அவரின்ர முழுப்பெயர் பிலிப் கொலம்போ. சும்மா ஒரு தகவலுக்கு.

சாட்சிக்கூண்டு, ஆவணி 5, காலை 6.40
ரசிப்பதை ரசியுங்கள். ஆனால் கடைசிக் காட்சியில் கொலையாளி ‘ஓம், நான்தான்’ என்று லெப்டினன்டிடம் சொல்வதைக் கேட்டுக் கைதட்டும்போது ஒன்றை நினைவில் வைக்கவும். அந்த வார்த்தை திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் செல்லாது.

எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம். 25 ஆம் பிரிவுப்படி, பொலிஸ் அலுவலரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்க முடியாது. 26 இன்படி, பொலிஸ் காவலில் இருந்துகொண்டு வேறு யாரிடம் சொன்னாலும் அதே கதி. நீதவானின் முன்னிலையில் சொன்னால் மட்டும் விலக்கு. 27 ஒரு சிறிய வாசலைத் திறக்கிறது: காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புபட்ட பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். ‘நான் அவனைக் குத்திய கத்தியைக் கிணற்றுக்குள் போட்டேன்’ என்று ஒருவர் சொல்கிறார், கிணற்றில் கத்தியும் கிடைக்கிறது என்று வையுங்கள். கத்தி கிணற்றில் கிடப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது உள்ளே வரும். ‘நான் அவனைக் குத்திய’ என்பது வெளியே நிற்கும்.

ஆகவே எங்கள் ஊரில் இந்த வகை நாடகம் எழுதுபவர்கள் உச்சக்காட்சியை ஒப்புதலில் வைக்கக் கூடாது. பொருளில் வைக்கவேண்டும். கொலம்போவின் நல்ல கதைகளும் அப்படித்தான் முடிகின்றன.

மூன்றாம் மணி, ஆவணி 5, காலை 7.15
உப்புவெளி, பிலிப் எண்டது பொறி. ஃபிரெட் வேர்த் எண்ட ஒருத்தர் பொது அறிவுப் புத்தகம் எழுதேக்க, தன்ர புத்தகத்தைப் பார்த்து எழுதுறவர்களைப் பிடிக்கவெண்டு அந்தப் பொய்ப் பெயரை நட்டு வைச்சார். ‘டிரிவியல் பர்சூட்’ விளையாட்டில அதே பெயர் வந்திட்டுது. 1984 இல் 30 கோடி டொலர் கேட்டு வழக்கு வைச்சார், தோத்துப்போனார். தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை எண்டதுதான் காரணம். வசனத்தில முதற்பெயர் சொல்லுறதே இல்லை. 1971 கதை ஒண்டில அடையாள அட்டையைக் கிட்டக் காட்டேக்க நிப்பாட்டிப் பார்த்தால் ‘பிராங்க்’ எண்டு இருக்கும்.

கோட்டையடி, ஆவணி 5, இரவு 8.30
பொறி எண்டதும் நினைவு வந்தது. உங்கட நல்லவரும் பொறி வைக்கிற ஆள்தானே? 1971 கதை ஒண்டில, செத்த பெண்ணின்ர கண் லென்ஸ் ஒண்டைக் காணேல்லை எண்டு கொலையாளியை நம்பவைக்கிறார். பிறகு அவரின்ர காரின்ர புகைக்குழாயில உருளைக்கிழங்கைச் செருகி, காரைத் திருத்துற இடத்துக்கு அனுப்புறார். ராவோட ராவா லென்ஸைத் தேடி வந்தவரை அங்கேயே மடக்குறார். கெட்டித்தனம், சரி. இதுக்குப் பெயர் ஒழுக்கமோ? உருளைக்கிழங்கு ஆற்ற காசில வாங்கினதெண்டும் தெரியாது.

சாட்சிக்கூண்டு, ஆவணி 5, இரவு 9.50
நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடும்போது என் காலைக் குறிப்பின் கடைசி வரி தடுக்குகிறது. 27 ஐப் பற்றிச் சொன்ன கையோடு ‘கொலம்போவின் கதைகளும் அப்படித்தான்’ என்று எழுதியது பிழை. 27 வேண்டுமானால் ஆள் காவலில் இருக்கவேண்டும். அந்தக் கொலையாளி சுதந்திரமாக நடமாடுகிறார், தானாக வந்து தேடுகிறார். அது 8 ஆம் பிரிவு, குற்றத்துக்குப் பிந்திய நடத்தை. செல்லும், ஆனால் வேறு வாசலால்.

ஏமாற்றுவதைப் பற்றியும் சட்டத்தில் உண்டு. வேறுவகையில் ஏற்கத்தக்க ஒப்புதல், ஏமாற்றிப் பெற்றது என்பதற்காக மட்டும் தள்ளப்படாது என்கிறது 29. அதாவது எங்கள் சட்டம் பொய்யைவிடப் பொலிஸ் காவலுக்குத்தான் அதிகம் பயப்படுகிறது. அது காரணத்தோடுதான்.

ஆனால் 1972 இல் இலண்டனில் நடக்கும் கதையில் அவர் ஒரு முத்தைக் குடைக்குள் விழச் செய்கிறாரே, அதை என்னால் காப்பாற்ற முடியாது. லென்ஸ் கதையில் கொலையாளியின் பயத்தைத் தூண்டுகிறார். குடைக் கதையில் தடயத்தைத் தானே செய்கிறார். அதே வேலை ஒரு சாதாரணப் பொலிஸ் நிலைய மேசையில் பொய் வழக்காக வந்தால் உங்களுக்குப் பிடிக்குமா?

மூன்றாம் மணி, ஆவணி 5, இரவு 10.20
சாட்சிக்கூண்டு அக்கா சொன்ன இடத்திலதான் விசயம் இருக்கு. குடைக் கதை பார்க்கேக்க ஒரு கசப்பு வருதெல்லோ? அந்தக் கசப்புத்தான் கோட்டையடி அண்ணைக்குப் பதில். குணம் பட்டனெண்டால் கழட்டேக்க ஒண்டும் தெரியக்கூடாது.

ரேப் பெட்டி, ஆவணி 6, பகல் 1.25
ஒரு ஆள் தனித் தகவலில கேட்டது, எல்லாருக்கும் உதவும். ஒரே கதை ஒரு கோப்பில 98 நிமிசம், மற்றதில 94 நிமிசம். வெட்டின காட்சி எது?

ஒண்டும் வெட்டேல்லை. படச்சுருளில எடுத்தது செக்கனுக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). எங்கட ரீவியின்ர ‘பால்’ (PAL) முறையில 25. ஒரு சட்டகத்தை ஒரு சட்டகமாவே ஓட்டிப்போடுவினம், அதால நாடகம் 4 வீதம் கெதியா ஓடும். 98 ஐ 25 ஆல பிரிச்சு 24 ஆல பெருக்குங்கோ, 94 வரும். குரலும் முக்கால் அரைச்சுருதி அளவில ஏறும். கரகரத்த குரல்காரர் கொஞ்சம் இளமையாக் கேட்கிறது அதாலதான். ஆனால் அமெரிக்க வீடியோ ரேப்பிலயிருந்து மாத்துற கருவியால மாத்தி எடுத்த பிரதியில இந்த ஏற்றம் இராது, நகர்வுதான் கொஞ்சம் குழம்பித் தெரியும். வெட்டு எண்டு முறைப்பாடு எழுத முதல் நேரத்தைப் பெருக்கிப் பாருங்கோ.

கோட்டையடி, ஆவணி 6, இரவு 9.00
சரி, கொலம்போவை விடுறன். ‘டிராக்னெட்’டுக்கு வாருங்கோ. 1949 இல் வானொலி, 1951 இல் ரீவி. ஜாக் வெப் தானே தயாரிச்சு, இயக்கி, நடிச்சது. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் கதைக்குக் கோப்புக் குடுத்தது, எழுத்துப்பிரதியையும் பார்த்தது. 1982 இல் வெப் செத்தேக்க நாடகத்தில அவர் போட்ட 714 எண்ட பட்ஜ் இலக்கத்தையே அந்தப் பொலிஸ் ஓய்வாக்கிச்சு. நடிகருக்கு! நல்ல பொலிஸ்காரர் எண்டது இங்க விளம்பரம். விளம்பரத்தை ஒழுக்கம் எண்டு விழுங்கச் சொல்லாதேங்கோ.

மூன்றாம் மணி, ஆவணி 6, இரவு 9.45
விளம்பரம்தான், மறுக்கேல்லை. ஆனால் அது வேலை செய்த விதத்தைப் பாருங்கோ. நடிகர்மாரை வசனம் பாடமாக்க விடாமல் திரையில ஓடுற எழுத்தைப் பார்த்து வாசிக்க வைச்சார் வெப். அதால எல்லாரும் ஒரே தட்டையான குரலில கதைப்பினம். நடிப்பு இல்லை, என்றி வாசிக்கிற மாதிரி. திகதி, காலநிலை, எந்தப் பிரிவு, எத்தினை மணி. சாட்சி கண்டதைச் சொல்லத் தொடங்கினால் கமரா அவரின்ர முகத்தைவிட்டு அசையாது. 1967 இல் திரும்பி வந்த பிறகு வெப் புத்திமதி சொல்லத் தொடங்கினார், தலைமயிர் வளர்த்த பெடியளைக் கண்டால் நீட்டி முழக்குவார். சனம் சிரிச்சது. குணத்தை வாயால சொல்லத் தொடங்கினவுடன் அது விளம்பரமாத் தெரிஞ்சிட்டுது.

எல்லாரும் அவர் வாயில வைக்கிற ‘தகவல் மட்டும் சொல்லுங்கோ, அம்மா’ எண்ட வரியும் அதே சொல்லில நாடகத்தில இல்லை. 1953 இல் ஸ்டான் ஃப்ரீபெர்க் விட்ட பகடி இசைத்தட்டாலதான் அது பரவிச்சு.

உப்புவெளி, ஆவணி 6, இரவு 9.52
பிபிசியின்ர ‘டிக்சன் ஒஃப் டொக் கிரீன்’ ஐ மறந்திட்டியள். 1950 படத்தில சுடுபட்டுச் செத்த கொன்ஸ்டபிளை 1955 இல் எழுப்பி ரீவியில வேலைக்கு விட்டவை. 1976 வரை செய்தார். முடியேக்க நடிகருக்கு 80 வயசு. எங்கட அரசாங்க உத்தியோகத்தில செத்த பிறகும் 21 வருசம் சேவை நீடிப்புக் கிடைக்குமோ?

சாட்சிக்கூண்டு, ஆவணி 8, காலை 6.15
‘டெரிக்’ பற்றி ஒருவரும் தொடவில்லை. கோட்டையடிக்கு அதுதான் வலுவான சாட்சி, அவரே அழைக்கவில்லை.

1974 முதல் 1998 வரை 281 கதைகள். அத்தனையையும் எழுதியவர் ஒருவரே, ஹெர்பெர்ட் ரைனெக்கர். ஹோர்ஸ்ட் டாப்பெர்ட் நடித்த அந்த முனிச் அதிகாரி அடிக்கமாட்டார், கத்தமாட்டார். கொலையாளியின் முன்னால் களைத்துப்போய் உட்கார்ந்து ‘ஏன்?’ என்று கேட்பார். நூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போன நாடகம். டாப்பெர்ட் 2008 இல் இறந்தார். அவர் போர்க்காலத்தில் நாசிகளின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்தார் என்பது 2013 இல் வெளிவந்தது. அவர் அதை மறைத்தே வாழ்ந்திருந்தார். நாடகத்தை ஒளிபரப்பிய சேட்டிஎஃப் (ZDF) நிறுவனம் மறு ஒளிபரப்பை நிறுத்தியது.

நாடகத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. முன்பு இரக்கமாகத் தெரிந்த மௌனம் இப்போது வேறு எதுவாகவோ தெரிகிறது. நடித்தவரையும் நடித்த குணத்தையும் பிரிக்கலாம் என்பது என் வாதமாக இருந்தது. 281 கதைகள் என்ற எண்ணிக்கைக்கு முன்னால் அது கொஞ்சம் ஆடுகிறது.

கோட்டையடி, ஆவணி 8, இரவு 7.40
அக்கா என்ர பக்கம் வாறா எண்டு சந்தோசப்பட்டால், யோசிச்சுப் பார்க்க அது எனக்கு எதிராத்தான் போகுது. வழக்கு முடியிறதுதான் ருசியெண்டால் 2013 இல் ஒருத்தரும் ரீவியை நிப்பாட்டியிருக்கத் தேவையில்லை. முதல் குறிப்பில ‘அவ்வளவுதான்’ எண்டதை வாபஸ் வாங்குறன். பட்டனை வாங்கேல்லை.

ரேப் பெட்டி, ஆவணி 9, பகல் 2.10
பழைய வீஎச்எஸ் வீடியோ ரேப் வைச்சிருக்கிறவர்களுக்கு. கடற்கரை ஊரில பூஞ்சணம்தான் எமன். ரேப்பை மெசினுக்குள்ள தள்ள முதல், பக்கத்துப் பொத்தானை அமத்தி முன் மூடியைத் தூக்கிப் பாருங்கோ. கண்ணாடிச் சன்னலுக்குள்ள தெரியிற சுற்றின்ர விளிம்பில வெள்ளைப் பொடி இருந்தால் போடாதேங்கோ. ஒண்டைப் போட்டால் மெசினுக்குள்ள ரேப்பை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி அடுத்த பத்து ரேப்புக்கும் பரவும்.

முதல் சிலிக்கா ஜெல் பையளோட இறுக்கமான பெட்டியில ரெண்டு மூண்டு நாள் காயவிடுங்கோ. முகக்கவசம் போட்டு வெளியில வைச்சுச் செய்யுங்கோ. அடியில அஞ்சு திருகாணி. கழட்டி, சுற்று ரெண்டையும் தூக்கி, நூல் விடாத துணியில 99 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் கொஞ்சமாத் தொட்டு, சுற்றின்ர விளிம்பைத் துடைச்சு, கையால சுத்திச் சுத்தி மறுபக்கமும் துடையுங்கோ. தண்ணி வேண்டாம். நல்ல வெறும் கூட்டுக்குள்ள மாத்திப் போடுங்கோ. ரேப் போற பாதையை அவிழ்க்க முதல் கைபேசியில படம் எடுத்து வைக்காட்டில் திரும்பப் பூட்ட ஏலாது. கணினிக்கு மாத்தேக்க 720க்கு 576, செக்கனுக்கு 25, இடைக்கோடு பிரிக்காமல் (டி-இன்டர்லேஸ் செய்யாமல்) அப்பிடியே. பிரிக்கிற வேலை பிறகு.

இ-180 (180 நிமிச ரேப்) ஒண்டில 75 நிமிசக் கதை ரெண்டுதான் ஒழுங்காப் பிடிக்கும். நீட்டு வேகத்தில நாலு கதை அடைச்சவை இப்ப வருந்துவினம்.

மூன்றாம் மணி, ஆவணி 10, இரவு 8.20
இங்க, திருகோணமலையில வைச்சு ஒரு 25 நிமிசப் பொலிஸ் கதை எழுதிப் பார்க்கிறன். வானொலிக்கும் ஆகும், கமராவுக்கும் ஆகும். யோசிச்ச கணக்கு இது.

தடயம் மூண்டு தரம் வரவேணும். முதல் தரம் ஒரு சாமான் மாதிரி. ரெண்டாம் தரம் பிழையான விளக்கத்தோட. மூண்டாம் தரம்தான் உண்மை. ஒருக்கா மட்டும் காட்டினால் குசினிக்குப் போன ஆள் தவறவிடுவார், பிறகு ஏமாத்தின மாதிரி இருக்கும். 17 ஆம் நிமிசத்துக்குப் பிறகு புதுத் தடயம் வரக்கூடாது. குரல் ஆறுக்கு மேல போனால் வானொலியில ஆர் எவர் எண்டு பிடிபடாது. செத்தவர், செய்தவர், பழிசுமந்தவர், கண்டவர், பொலிஸ் ரெண்டு பேர், கணக்கு முடிஞ்சுது. மெகா தொடர்காரர் இதைத் தொடாததுக்கும் இதுதான் காரணம்: கிழமைக்குக் கிழமை புது முகம் நாலு, புது இடம் ஏழு வேணும். அவைக்கு ஒரே வீட்டு மண்டபத்திலயே மாதக்கணக்காய் ஓட்டலாம்.

இங்கிலாந்துக் கதையளில வாற ‘வற்று நேரத்தில காலடி, பெருக்கு நேரத்தில பிணம்’ எண்ட வித்தை இங்க சரிவராது. எங்கட கடலில வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில ஒரு மீற்றர்கூட இல்லை. அதுக்குப் பதிலாய் காத்தைப் பாவிக்கலாம். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாதத்தில ஈரத்துணி மணிக்கணக்கில காய்ஞ்சு மொறுமொறுக்கும், மண் வாசலுக்குள்ள அள்ளிக் கொட்டும். வாடைக் காத்துக் காலத்தில அதே துணி ரெண்டு நாளும் ஈரமா இருக்கும். ‘நேற்றுத் தோய்ச்சது’ எண்டு ஒருத்தர் சொன்னால் கொடியைத் தொட்டுப் பார்க்க வேணும். டொக்யார்ட் வீதியில மான் ஒண்டு தடயக் கடதாசியைத் திண்டிட்டுது எண்டு ஒரு காட்சியும் வைச்சிருக்கிறன்.

சாட்சிக்கூண்டு, ஆவணி 10, இரவு 9.30
கடிகாரம் வேண்டுமானால் சட்டத்திலேயே இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 37 ஆம் பிரிவு: பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும், பயண நேரம் நீங்கலாக. சில குற்றங்களுக்கு 48 ஆக நீட்டிய காலமும் இருந்தது, கதை நடக்கும் ஆண்டைப் பார்த்து எழுதுங்கள். ‘பயண நேரம்’ என்ற சாட்டை ஒரு கெட்ட அதிகாரி இழுக்கலாம். ஆனால் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்திருந்தோம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்த மாவட்டத்தில் மூன்று இனத்தவர், இரண்டு மொழி. பொலிஸ் நிலைய மேசையில் முறைப்பாடு சொல்பவர் ஒரு மொழியில் சொல்ல, புத்தகத்தில் இன்னொரு மொழியில் ஏறுவதுதான் இங்கு நெடுங்காலப் புண். கீழே கையெழுத்துப் போடுபவருக்குத் தான் எதில் போடுகிறோம் என்று தெரியாது. 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது, அதன் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதலை உள்ளே விட்டது. 25 ஆம் பிரிவு பூட்டிய கதவு அதோடு திறந்தது. சொல்லாததைச் சொன்னதாக எழுதிய தாளுக்கு என்ன எடை என்று கிழக்கில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதனால் உங்கள் கதாநாயகன் துரத்தவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். சொன்னவரின் மொழியில் எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்டட்டும். ‘திருத்த ஏதும் இருக்கா?’ என்று கேட்கட்டும். பிறகு பேனையைக் கொடுக்கட்டும்.

கோட்டையடி, ஆவணி 10, இரவு 11.05
கொலம்போவின்ர கொப்பி, வெப்பின்ர தட்டைக் குரல், இப்ப இது. மூண்டும் ஒண்டுதான். கேட்டு எழுதுற ஆள். பட்டனையும் வாபஸ் வாங்குறன், போங்கோ.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் குணத்துக்கு விலை இருக்கவேணும். இல்லாட்டில் கொலுப் பொம்மை. எங்கட நாட்டில விலை என்னெண்டு தெரியும்தானே, இடமாற்றம். 23 ஆம் நிமிசத்தில கடிதம் வரட்டும்.

உப்புவெளி, ஆவணி 11, காலை 7.00
‘உடான்’ ஐ முதல் குறிப்பில பெயர் சொன்னதோட விட்டிட்டியள். 1989 இல் வந்தது, கவிதா சௌத்ரி தானே எழுதி, இயக்கி, நடிச்சது. தன்ர அக்கா காஞ்சன் சௌத்ரியின்ர வாழ்க்கையை வைச்சு. அந்த அக்கா 2004 இல் உத்தராகண்டில இந்தியாவின்ர முதல் பெண் பொலிஸ் மா அதிபரா வந்தவ. நாடகத்துப் பொலிஸுக்குப் பதவி உயர்வும் கிடைக்கலாம், இடமாற்றம் மட்டும்தான் எண்டில்லை.

மூன்றாம் மணி, ஆவணி 13, இரவு 9.15
வாய்விட்டு வாசிச்சு மணிக்கூடு பிடிச்சன். 27 நிமிசம் 20 செக்கன். ரெண்டு நிமிசத்துக்கு மேல வெட்டவேணும். வாசிச்சுக் காட்டுற காட்சி 50 செக்கன் இழுக்குது.

சாட்சிக்கூண்டு, ஆவணி 13, இரவு 9.40
அதில் கை வைக்கவேண்டாம். வேறு எதையாவது வெட்டுங்கள்.

மூன்றாம் மணி, ஆவணி 13, இரவு 10.30
அது அப்பிடியே இருக்கு அக்கா. மானை வெட்டிப்போட்டன்.

உப்புவெளி, ஆவணி 13, இரவு 10.33
டொக்யார்ட் வீதியில மான் வெட்டினதெண்டு நாளைக்குக் காலமை போய் என்றி போடுறன். தமிழில எழுதச் சொல்லுவன்.